கோழிக் கணக்கு: ஒரு கோடை, ஒரு நோட்டு, கொஞ்சம் வரலாறு

போன மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பஞ்சாயத்து. காரணம் ஒரு கோழி.

மகள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் பள்ளியில் அறிவியல் மன்றம் இருக்கிறது. லீவில் ஆளுக்கொரு செயல்திட்டம் எடுத்துச் செய்யுங்கள், ஆனால் கடையில் தெர்மகோல் வாங்கி எரிமலை செய்து கொண்டுவராதீர்கள் என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். லீவு என்றால் எங்களுக்குப் பாட்டி வீடு. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே என் அம்மா ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்க்கிறார். "பாட்டி, ஒரு கோழிய எனக்குன்னு குடு. அது எத்தனை முட்டை போடுது, எத்தனை குஞ்சு பொரிக்குது, எத்தனை பொழைக்குதுன்னு நான் எழுதப் போறேன்" என்று மகள் கேட்டாள்.

அம்மா மறுத்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் அஞ்சாவதோட நின்னு ஆடு ஓட்டினது போதாதா? படிக்கிற பொண்ணு கையில கோழியக் குடுக்காதே" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

நம் எல்லோருக்கும் பழக்கமான வசை ஒன்று உண்டு. ஒழுங்கா படிக்கலைன்னா மாடு மேய்க்கத்தான் போகணும். இந்த ஒரு வாக்கியத்துக்குள் நம் ஊரின் கல்வி வரலாறு பாதி அடங்கியிருக்கிறது. ஆனால் இதே மாடு வளர்ப்பைப் பிள்ளைகளின் பெருமையாக, ஊரே கூடிப் பார்க்கிற விழாவாக ஆக்கிய இடம் ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். ஏன் அங்கே அப்படி, இங்கே இப்படி? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கோடை முழுக்கப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பன்றிக்குட்டியும் நீல ரிப்பனும்

2017-ல் வேலை விஷயமாகக் குடும்பத்தோடு அயோவாவில் இருந்தோம். அந்த மாநிலத்தில் 99 கவுண்டிகள். நம் கணக்குக்கு ஒரு தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். ஜூலை வந்தால் ஒவ்வொரு கவுண்டியிலும் சந்தைத் திருவிழா. ராட்டினம், பஞ்சுமிட்டாய், கச்சேரி எல்லாம் நம் பொருட்காட்சி மாதிரிதான். ஆனால் மைதானத்தின் நடுவில் பெரிய பெரிய கொட்டகைகள். உள்ளே மாடு, ஆடு, பன்றி, கோழி, முயல். ஒவ்வொரு கூண்டின் மேலும் ஒரு அட்டை, அதில் ஒரு பிள்ளையின் பெயர், வயது. பத்து வயதுப் பையன் தன்னைவிடப் பெரிய கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடுவர் முன்னால் நடக்கிறான். நடுவர் கேள்வி கேட்கிறார். என்ன தீனி போட்டாய், தினம் எவ்வளவு எடை ஏறியது, எவ்வளவு செலவானது? பையன் கையில் நோட்டு இருக்கிறது, பார்த்துச் சொல்கிறான்.

கடைசி நாள் ஏலம். வளர்த்த மிருகத்தை விற்றுவிட வேண்டும், அது எங்கே போகும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு சிறுமி பன்றியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை, அப்போது ஆறு வயதான என் மகள் இன்றுவரை மறக்கவில்லை. அந்தச் சிறுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏல மேடைக்கு நடந்து போனதையும் மறக்கவில்லை.

இந்த நிகழ்ச்சிகளை நடத்துவது ஃபோர்-ஹெச் என்கிற சிறுவர் மன்றம். ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த் என்று நான்கு சொற்கள். நான்கு இலை கொண்ட ஒரு செடி சின்னம். இதற்கு இரண்டு வேர்கள் உண்டு.

முதல் வேர் சந்தை. மாசசூசெட்ஸில் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் எல்கானா வாட்சன் என்பவர் 1807-ல் இரண்டு மெரினோ செம்மறியாடுகளைப் பொது இடத்தில் கட்டிவைத்து ஊராருக்குக் காட்டினார். நல்ல கம்பளி தரும் புதிய இனம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. இரண்டு ஆட்டுக்கே இவ்வளவு கூட்டமா என்று யோசித்தவர், 1811-ல் ஒரு விவசாயச் சங்கமே அமைத்துப் பரிசுகளோடு கண்காட்சி நடத்தினார். அமெரிக்கக் கவுண்டி சந்தைகளின் தொடக்கமாக இதைச் சொல்கிறார்கள்.

நம் மாட்டுச் சந்தைகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரையும் மாடும் வருகின்றன. காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டிக் காங்கேயம் மாடுகள் ஆயிரக்கணக்கில் கூடுகின்றன. சாமி, வியாபாரம், உறவு மூன்றும் ஒன்றாகக் கலந்த இடங்கள் இவை. நல்ல மாட்டை அடையாளம் காணும் அறிவு இங்கே குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அறிவு துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசப்படும் அறிவு, வாங்குபவனுக்கும் விற்பவனுக்கும் தரகருக்கும் உரியது. ஒரு பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கணக்குச் சொல்ல அங்கே இடமில்லை.

இரண்டாவது வேர் பள்ளி. 1902 ஜனவரியில் ஒஹையோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் ஏ. பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் முப்பது பிள்ளைகளைச் சேர்த்து ஒரு மன்றம் தொடங்கினார். மண்ணைச் சோதிப்பது, சோள விதை தேர்ந்தெடுப்பது, காய்கறி போடுவது என்று வேலைகள். அதே காலத்தில் அயோவாவில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற ஆசிரியையும் இதே மாதிரி செய்துகொண்டிருந்தார். அந்த இலைச் சின்னத்தின் முதல் வடிவத்தை உருவாக்கியவர் அவர்தான்.

ஏன் பிள்ளைகளைப் பிடித்தார்கள்? காரணம் ரொம்ப நடைமுறையானது. விவசாயக் கல்லூரி ஆட்கள் சொல்வதை அப்பாக்கள் கேட்கவில்லை. புத்தகம் படிச்சவன் எனக்கு உழவு சொல்லித் தரானா என்ற கேள்வி அமெரிக்காவிலும் இருந்தது. சரி, பையனிடம் ஒரு ஏக்கர் கொடுங்கள், அவன் எங்கள் முறைப்படி போடட்டும், நீங்கள் உங்கள் முறைப்படி போடுங்கள், அறுவடையில் பார்க்கலாம் என்றார்கள். 1910-ல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற பையன் ஒரே ஏக்கரில் 228 புஷல் மக்காச்சோளம் எடுத்தான். நம் கணக்கில் கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் டன். அப்போது நாட்டின் சராசரி ஏக்கருக்கு 30 புஷலைக்கூட எட்டவில்லை. அதே மாநிலத்தில் அதே ஆண்டு மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்குத் தக்காளி மன்றம் தொடங்கினார். ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர். விளைந்ததை டப்பாவில் அடைத்து விற்ற பணம் அந்தப் பெண்ணுக்கே. 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. கல்லூரி அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசின் பணம் கிடைத்தது, மன்றங்கள் நாடு முழுக்கப் பரவின.

எல்லாம் தேனும் பாலும் இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி மன்றம், தனி முகாம். 1960-கள் வரை அந்தப் பிரிவினை நீடித்தது. யாருடைய அப்பாவிடம் ஒரு ஏக்கர் உதிரியாகக் கொடுக்க நிலம் இருந்தது என்ற கேள்வியும் சேர்த்தே கேட்க வேண்டியது.

இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒன்று, மிருகமோ பயிரோ பிள்ளையின் பெயரில் இருக்கிறது, லாபமும் நஷ்டமும் அதன் கணக்கில். இரண்டு, ரிப்பன் கொடுக்கும் முறை. ஃபோர்-ஹெச் போட்டிகளில் டேனிஷ் முறை என்று ஒன்று பரவலாக இருக்கிறது. முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என்று பிள்ளைகளை ஒருவரோடொருவர் மோதவிடுவதில்லை. ஒரு தரத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அதை எட்டிய எல்லோருக்கும் நீலம், கொஞ்சம் குறைந்தால் சிவப்பு, இன்னும் குறைந்தால் வெள்ளை. பத்துப் பேர் நன்றாகச் செய்தால் பத்துப் பேருக்கும் நீலம். தரவரிசையிலேயே வளர்ந்த எனக்கு இது முதலில் புரியவே இல்லை.

கார்னெலில் இருந்து இரண்டு பேர்

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இதற்கு ஒரு பாலம் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம்.

1890-களில் அங்கே விவசாயம் நொடித்து ஜனங்கள் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, லிபர்ட்டி ஹைட் பெய்லி, அன்னா காம்ஸ்டாக் போன்ற கார்னெல் ஆசிரியர்கள் இயற்கைப் பாடம் என்ற இயக்கத்தை முன்னெடுத்தார்கள். கிராமப் பள்ளிகளுக்குத் துண்டு வெளியீடுகள் அனுப்பினார்கள், சிறுவர் இயற்கை மன்றங்கள் அமைத்தார்கள். காலடியில் இருக்கிற பூச்சியை, புல்லைப் பார்த்து எழுதப் பழக்கினால் பிள்ளைக்குத் தன் ஊர் சலிக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. இந்தக் காற்று அடித்துக்கொண்டிருந்த கார்னெலில் படித்த இரண்டு பேர் 1920-களில் இந்தியக் கிராமங்களில் வேலை செய்தார்கள். ஒருவர் வங்காளத்தில், இன்னொருவர் நம் மார்த்தாண்டத்தில்.

வங்காளத்துக்கு வந்தவர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட். ஆங்கிலேயர். 1922 பிப்ரவரி 6 அன்று சாந்திநிகேதன் பக்கத்தில் சுருல் கிராமத்தில் தாகூரின் கிராமச் சீரமைப்பு நிலையம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் ஸ்ரீநிகேதன். தாகூருக்கு இந்த ஆசை பழையது. தன் மகன் ரதீந்திரநாத்தை 1906-லேயே விவசாயம் படிக்க அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவர் அவர். மகனை வக்கீலாக்க லண்டனுக்கு அனுப்புவது ஜமீன்தார் வீடுகளின் வழக்கமாக இருந்த காலம் அது.

ஸ்ரீநிகேதனில் கிராமத்துப் பிள்ளைகளைக் கொண்டு விரதி பாலகர் என்ற மன்றங்களை அமைத்தார்கள். சாரணர் இயக்கத்தின் சாயல் உண்டு. ஆனால் வேலைகள் கிராமத்தின் வேலைகள். காய்கறித் தோட்டம், தீயணைப்பு, முதலுதவி, மலேரியா வராமல் குட்டைகளைச் சுத்தம் செய்வது. 1924-ல் சிக்ஷா சத்ரா என்ற பள்ளியும் தொடங்கியது. அங்கே தோட்டமும் கைவேலையும் பாடத்தின் பகுதி. ஸ்ரீநிகேதன் ஆண்டு விழாவில் மேளாவும் கண்காட்சியும் இன்றும் நடக்கின்றன. இந்திய மண்ணில் கவுண்டி சந்தைக்கும் சிறுவர் மன்றத்துக்கும் மிக அருகில் வந்த முயற்சி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

மார்த்தாண்டம்

இன்னொருவர் ஸ்பென்சர் ஹாட்ச். அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். இவருக்கு முன்னால் ஒரு தமிழரைச் சொல்லியாக வேண்டும். சேலத்தில் 1876-ல் பிறந்த கே. டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச்செயலாளர். நகரத்து இளைஞர்களுக்கான சங்கமாக இருந்ததைக் கிராமத்தின் பக்கம் திருப்பியவர் அவர்தான். வட்டிக்கடையில் மாட்டிக்கொண்ட கிராமத்தானுக்குக் கூட்டுறவுக் கடன் என்பது அவர் எடுத்த முதல் பிடி. அந்தக் கிளையில்தான் ஹாட்சின் வேலை முளைத்தது.

1920-களில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில், மார்த்தாண்டத்தில் ஹாட்சும் அவர் மனைவி எமிலியும் இந்திய ஊழியர்களும் ஒரு செயல்விளக்க நிலையம் அமைத்தார்கள். பெரிய பண்ணை கிடையாது. நடந்து போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள ஊர்களே அதன் எல்லை. அங்கே பெரும்பாலோருக்கு நிலம் துண்டு துண்டாகத்தான் இருந்தது. அதனால் ஒரு ஏக்கர் மக்காச்சோளம் கதையெல்லாம் அங்கே நடக்காது. கோழி, தேனீ, பனைவெல்லம், நெசவு, முந்திரி. நிலம் இல்லாதவரும் கொல்லைப்புறத்தில் செய்யக்கூடியவற்றையே அவர்கள் எடுத்தார்கள். வெளியிலிருந்து பணம் கொடுத்துத் தூக்கிவிடுவதில்லை. வேலையை ஊரார்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்ல விவரம் தெரிந்த ஆள் இருப்பார். இதுதான் ஹாட்சின் அடிப்படை விதி.

முட்டைக் கதையைப் பாருங்கள். ஒரு வீட்டில் நாலு முட்டை கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு யார் சந்தைக்குப் போவது? வருகிற வியாபாரி சொன்னதுதான் விலை. நூறு வீட்டு நாலு முட்டை சேர்ந்தால் கதை வேறு. தரம் பார்த்து, கெட்டதை ஒதுக்கி, நம்பிக்கையான பெயரில் நகரத்துக்கு அனுப்பலாம். முட்டை விற்பனைக் கூட்டுறவு அப்படி வந்தது. தேனும் அதே வழிதான். மலைத்தேனீயைத் தீ வைத்துக் கலைத்துத் தேன் எடுப்பது பழைய முறை. அடுக்குத் தேனீயை, அதாவது நம் இந்தியத் தேனீயை, மரப்பெட்டியில் வைத்து வளர்ப்பது புதிய முறை. திருச்சியில் பாதிரியார் நியூட்டன் 1910-ஐ ஒட்டி நம் சிறிய தேனீக்கு ஏற்ற அளவில் வடிவமைத்த பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே அழைக்கப்படுகிறது. மார்த்தாண்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு வீட்டுத் தொழிலாக வேர்விட்டது.

ஹாட்ச் 1932-லும் 1938-லும் இந்த அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதினார். பல மாகாணங்களிலிருந்தும் ஆட்கள் மார்த்தாண்டம் வந்து பயிற்சி எடுத்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் அவர் மெக்சிகோவின் தெபோஸ்ட்லான் பகுதியில் இதே வேலையைத் தொடங்கிவிட்டார். ஆனால் மார்த்தாண்டத்துத் தேனீ ஊரைவிட்டுப் போகவில்லை. 1991-ஐ ஒட்டித் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியா முழுக்க அடுக்குத் தேனீக் கூட்டங்களை அழித்தபோது அந்தத் தொழில் அடியோடு சாய்ந்தது. மிஞ்சிய கூட்டங்களிலிருந்து மறுபடி பெருக்கினார்கள். ரப்பர் தோட்டங்களுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துத் தேன் எடுக்கிறார்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள்.

எனக்கு மார்த்தாண்டம் மேல் தனிப் பிரியம் ஒன்று உண்டு. அதுவும் எங்களைப் போல எல்லை ஊர். 1956 நவம்பர் 1 அன்று அது தமிழகத்தோடு சேர்ந்தது. எங்கள் திருத்தணி 1953-ல் ஆந்திர மாநிலத்துக்குப் போய், ம.பொ.சி. போன்றோரின் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று வந்தது. என் அம்மா பிறந்தது 1958. பிறந்தபோது ஆந்திரா, நடக்கப் பழகியபோது மெட்ராஸ். இன்றும் அவர் வாயில் கோழி பாதி நேரம் தெலுங்கில் 'கோடி'தான், குஞ்சு 'கோடிபில்ல'. எங்கள் ஊரில் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று என் மகள் கிண்டல் செய்வாள்.

1953-இன் நிழல்

இவ்வளவு நல்ல முன்மாதிரிகள் இருந்தும் பிள்ளைகளின் பண்ணை மன்றம் ஏன் நம்மிடம் ஊர் ஊருக்குப் பரவவில்லை?

1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. பத்து ஊருக்கு ஒரு கிராம சேவக். அவர் தலையில் விதை, உரம், கிணறு, சாலை, கழிப்பறை எல்லாம். அவர் தேடிப் போனது நிலம் உள்ள பெரியவர்களை. கண்காட்சிகள் வந்தன. ஆனால் ஸ்டால் போட்டவை அரசுத் துறைகள். ஜனங்கள் வரிசையில் நடந்து பார்த்துவிட்டு அப்பளம் வாங்கிச் சாப்பிட்டு வீட்டுக்குப் போனார்கள். இது ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் இருக்கிறது, என் அம்மா சொன்னது அங்கேதான் வந்து சேர்கிறது. 1953-ல் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் தினம் மூன்று மணி, இரண்டு முறையாக. மீதி நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும். பள்ளிக்கூடமும் ஆசிரியரும் பற்றாக்குறை, கைவேலைக்கு மதிப்பு வேண்டும் என்று அவர் தரப்பு வாதம். பெரியாரும் தி.மு.க.வும் காங்கிரஸுக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். குலக்கல்வி என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. வக்கீல் வீட்டுப் பிள்ளை மீதி நேரத்தில் எதைக் கற்கும், சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை எதைக் கற்கும்? அப்பாவின் தொழிலே பிள்ளையின் பாடம் என்றால், சாதி இருக்கிற நாட்டில் அது பாடமாக இருக்காது, விலங்காகத்தான் இருக்கும்.

ஒஹையோவிலும் அயோவாவிலும் கன்று வளர்க்கிற பையனைப் பார்த்து இவன் இனி இதைத்தான் செய்வான் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. அவன் அந்த நோட்டைக் காட்டிக் கல்லூரிக்கு உதவித்தொகை வாங்குகிறான். இங்கே கன்று மேய்க்கிற பையன் என்றால் பள்ளியை விட்டு நின்றவன் என்று அர்த்தம். என் அம்மா படிப்பை நிறுத்தியபோது குலக்கல்வித் திட்டம் ஒழிந்து பதினான்கு வருஷம் ஆகிவிட்டது, மதிய உணவும் வந்துவிட்டது. ஆனாலும் வீட்டில் ஆடு இருந்தது, தம்பிகள் இருந்தார்கள். யாராவது ஒருவர் நிற்க வேண்டும் என்றால் அது பெண்தான். பத்து வயதில் அவருக்கு ஆடு எப்படிக் குட்டி போடும், எந்தத் தழையைத் தின்றால் வயிறு ஊதும் என்று எல்லாம் தெரியும். அந்த ஆடு ஒன்றுகூட அவர் பெயரில் இல்லை. விற்ற காசு அவர் கண்ணில் பட்டதில்லை. அவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்டு எழுதவுமில்லை.

ஆக, பிள்ளையும் கோழியும் சேர்ந்தால் அது செயல்திட்டமா, குழந்தை உழைப்பா? கோழியை வைத்து இதைச் சொல்ல முடியாது. யார் தேர்ந்தெடுத்தார்கள், யார் பெயரில் கணக்கு, பள்ளி நேரம் போச்சா, வேறு வீட்டுப் பிள்ளையும் இதையே செய்யலாமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்தால்தான் சொல்ல முடியும். 1953-இன் பயம் நியாயமானது. அந்தப் பயத்தினால் கோழியையும் நிலத்தையும் மொத்தமாகப் பாடத்துக்கு வெளியே தள்ளிவிட்டோம் என்பது அதன் விலை. 1993-இலிருந்து நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பியது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனது. உன் ஊர்ப் பிரச்சினையை எடு, அளந்து பார், எழுது, வந்து சொல். மகளின் ஆசிரியையும் அந்த மாநாட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போன அனுபவசாலிதான்.

நோட்டு

இதையெல்லாம் அம்மாவிடம் இப்படிச் சொல்லவில்லை. அவரே மூன்றாம் நாள் இறங்கி வந்தார். "கோழிய நான் பாத்துக்கறேன். அவ எழுதட்டும். வெயில்ல சுத்தக் கூடாது" என்பது ஒப்பந்தம். சாம்பல் நிறக் கோழி ஒன்று மகள் பெயருக்கு மாறியது.

அந்தக் கோழி அடை உட்கார்ந்திருந்தது. 12 முட்டை, 21 நாள், 11 குஞ்சு. மகள் தினமும் சாயங்காலம் எண்ணி எழுதினாள். காக்கை தூக்கியது 2, கீரி 1. மூன்றாவது வாரம் குஞ்சுகள் வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தன. நாலு நாளில் 5 போய்விட்டன. மிச்சம் 3. "எப்பவும் இப்படித்தான்" என்றார் அம்மா. எப்பவும் என்றால் எத்தனை என்று மகள் கேட்டாள். பாட்டியும் பேத்தியும் உட்கார்ந்து போன இரண்டு வருஷத்தில் அடை வைத்த ஒவ்வொரு கோழியையும் நிறத்தை வைத்து நினைவுபடுத்தி எழுதினார்கள். ஏழு ஈடு, 74 குஞ்சு, பெரிதானது 23. பக்கத்தில் விலையைப் போட்டுப் பெருக்கியதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. வருஷக்கணக்காகக் காக்கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்று பெயர். 1920-களின் இறுதியில் இந்தியாவில் ராணிக்கெட் என்ற மலை ஊரை ஒட்டி அடையாளம் காணப்பட்டதால் வந்த பெயர்; உலகம் நியூகாசில் நோய் என்கிறது. வந்துவிட்டால் மருந்து இல்லை, வராமல் தடுக்கலாம். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, ஆறு எட்டு வாரத்தில் இறக்கையில் ஒரு ஊசி. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல். தடுப்பு மருந்து பெரும்பாலும் நூறு கோழிக்கு ஒரு குப்பி என்ற கணக்கில் வருகிறது. கரைத்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நம் வீட்டுப் பத்துக் குஞ்சுக்காக ஒரு குப்பியைத் திறந்தால் தொண்ணூறு வீண்.

மார்த்தாண்டத்து முட்டை இங்கே எனக்கு ஞாபகம் வந்தது. மகளும் தெருப் பிள்ளைகள் நாலு பேரும் வீடு வீடாகப் போய்க் கோழி எண்ணினார்கள். ஒப்பந்தப்படி வெயில் தாழ்ந்த பிறகுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம். ஒரு வீட்டில் எண்ண விடவில்லை, கண்ணு பட்டுடுமாம். மொத்தம் 86 வந்தது. கால்நடை மருந்தகத்தில் போய்ச் சொன்னோம். ஒரு நாள் விடியற்காலையில், கோழிகளைக் கூடையில் கவிழ்த்த நிலையிலேயே, தெருமுனையில் சொட்டும் ஊசியும் போட்டார்கள். குஞ்சைச் சரியாகப் பிடித்துக் கண்ணைத் திறந்து காட்டும் வேலையை அம்மா செய்தார். அந்த ஊழியரே, "உங்க கை பழகின கைம்மா" என்றார்.

அடுத்த ஈட்டில் 10 குஞ்சு. ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் மறுபடி ஊருக்குப் போனோம். மலையெல்லாம் காவடி, பூ வாசனை, அரோகரா சத்தம். கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் மகள் ஓடிப் போய் எண்ணினாள், 8 இருந்தன. ஒரு ஈட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவளே நோட்டில் எழுதியிருக்கிறாள். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் ஊரில் இல்லாத அந்த ஒன்றரை மாதமும் நோட்டு நிற்கவில்லை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் எண் எழுதுவார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே பெரிய பெரிய எண்களாக 10, 10, 9, 9, 8 என்று போட்டிருந்தார். 9 ஆன நாளின் பக்கத்தில் ஒரு காக்கை, 8 ஆன நாளின் பக்கத்தில் ஒரு பூனை, பேனாவால் வரைந்தது. கடைசிப் பக்கத்தில் விற்ற முட்டைக்குத் தனிக் கணக்கு, 340 ரூபாய்.

அது யார் பணம் என்று மகள் கேட்டாள். கோழி உன்னுது, தீனி என்னுது என்றார் அம்மா. பேரம் இன்னும் முடியவில்லை.